டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறீர்களா? வானிலை ஆங்கிலத்தை இந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்

ஊரில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வானிலை ஆங்கிலம் 'சன்னி', 'ரெய்னி', 'க்ளவுடி' என்ற மூன்று வார்த்தைகளோடு கிட்டத்தட்ட முடிந்துவிடும். டொராண்டோவில் அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தை ஓட்டிவிடலாம், ஜனவரியை ஓட்ட முடியாது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் காலை வானொலியில் அறிக்கை ஓடும், எண்கள் எல்லாம் காதில் விழும். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, பஸ் ஓடுமா, எதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை கிடைக்காது.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ பக்கம் குடியேறினால் கடை, வங்கி, பல் டாக்டர் எல்லாம் தமிழிலேயே முடிந்துவிடும். வானிலை எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வரும். அதனால் பாடப்புத்தக வரிசையை விட்டுவிடுங்கள். எந்த வார்த்தை தெரியாமல் போனால் காசோ எலும்போ நஷ்டமாகுமோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள். கீழே உள்ளது அந்த வரிசைதான். செப்டம்பரில் தொடங்கினால் முதல் பனிக்கு முன்னால் நிதானமாக முடிக்கலாம். டிசம்பரில் வந்து இறங்கியவர்கள் நேராக 3-ஆம், 4-ஆம் படிக்குப் போய்விட்டு அப்புறம் திரும்பி வாருங்கள்.

1. பருவங்களின் பெயர்: இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்

'ஸ்ப்ரிங்', 'சம்மர்', 'ஃபால்', 'விண்டர்'. அவ்வளவுதான். நாம் படித்த 'ஆட்டம்' என்ற சொல்லைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் இங்கே வாயில் வருவது 'ஃபால்'. கல்லூரிப் படிவத்தில் 'ஃபால் டெர்ம்' என்று இருந்தால் செப்டம்பரில் தொடங்கும் பருவம் என்று பொருள்.

நாள்காட்டியில் குளிர்காலம் டிசம்பர் 21 அல்லது 22-இல் தொடங்குகிறது. வானிலைக் கணக்கில் டிசம்பர் 1. பனி இந்த இரண்டு தேதியையும் மதிப்பதில்லை. நவம்பரிலேயே விழும், ஏப்ரலிலும் விழும். மார்ச் 20 வாக்கில் எல்லோரும் 'ஹாப்பி ஸ்ப்ரிங்' என்று சொல்லும்போது குளிர்கோட்டைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள்.

பருவத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு சொற்றொடர் 'ஸ்ப்ரிங் ஃபார்வர்ட், ஃபால் பேக்'. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னே வரும். செல்போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் காரிலும் உள்ள கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

வாக்கிய அமைப்பில் ஒரே ஒரு விஷயம். நாம் 'மழை பெய்கிறது' என்று மழையை எழுவாயாக வைத்துப் பேசிப் பழகியவர்கள். அதனால் 'ரெயின் இஸ் கமிங்' என்று வாயில் வந்துவிடும். இங்கே எல்லாம் 'இட்ஸ்' என்றுதான் தொடங்கும்: 'இட்ஸ் ரெய்னிங்', 'இட்ஸ் ஸ்நோயிங்', 'இட்ஸ் விண்டி', 'இட்ஸ் ஃப்ரீஸிங் அவுட் தேர்'. குளிர்கிறது என்று சொல்ல 'ஐ ஆம் கோல்டு'. 'ஐ ஹேவ் எ கோல்டு' என்றால் உங்களுக்கு ஜலதோஷம். வேலையிடத்தில் இதை மாற்றிச் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

2. எண்களைக் காதால் பிடியுங்கள்

கனடாவில் வெப்பநிலை செல்சியஸில். ஆனால் எண்ணுக்கு முன்னால் 'ப்ளஸ்', 'மைனஸ்' இரண்டையும் சொல்வார்கள். மார்ச்சில் 'ப்ளஸ் ஃபைவ் டுமாரோ' என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால், நாளை உறைநிலைக்கு மேல் 5 டிகிரி என்று அர்த்தம். பனி உருகும் என்பதால் அந்தச் சந்தோஷம்.

அறிக்கையில் வரும் 'ஹை' என்பது பகலின் உச்ச அளவு, 'லோ' என்பது இரவின் குறைந்த அளவு. 'ஹை மைனஸ் எய்ட்' என்று கேட்டால் குழம்ப வேண்டாம். பகல் முழுக்க மைனஸ் 8-க்கு மேல் ஏறாது என்கிறார்கள்.

காதை ஏமாற்றும் இடம் 'தர்ட்டீனும்' 'தர்ட்டியும்'. மைனஸ் 13-க்கும் மைனஸ் 30-க்கும் உள்ள வித்தியாசம் காது மடலில் தெரியும். 'டீன்' என்ற பகுதியை இழுத்து அழுத்தினால் 13, முதல் பகுதியை அழுத்தி 'ட்டி' என்று சட்டென முடித்தால் 30. சந்தேகமாக இருந்தால் 'ஒன் த்ரீ ஆர் த்ரீ ஸீரோ?' என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

'விண்ட் சில்' என்ற எண்ணைத்தான் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் மைனஸ் 10 காட்டும், 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20. வானொலியில் 'ஃபீல்ஸ் லைக் மைனஸ் ட்வென்டி' என்பார்கள். விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். மைனஸ் 40-க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம் போதும். அந்தத் தோல் உறைவுக்குப் பெயர் 'ஃப்ராஸ்ட்பைட்'. உடம்பின் உள்சூடே இறங்கிப்போவது 'ஹைப்போதெர்மியா'. இரண்டையும் உச்சரிக்கப் பழகி வையுங்கள், அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்யும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

கோடையில் இதற்கு எதிர்ப்பக்கம் 'ஹ்யூமிடெக்ஸ்'. வெப்பம் 31 என்றாலும் புழுக்கம் சேர்ந்து 40 போல இருக்கும். 40-ஐத் தாண்டினால் வெளியே கடும் வேலை செய்யக் கூடாது, 45-ஐத் தாண்டினால் ஆபத்து. சென்னையில் இருந்து வந்தவர்கள் 31-ஐக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். ஏ.சி. இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் ஒரு ஜூலை இரவு தூங்கிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

'ஃபார்ட்டி பர்சென்ட் சான்ஸ் ஆஃப் ஃப்ளரீஸ்', அதாவது லேசான பனித்துகள் விழ 40 சதவீத வாய்ப்பு என்பது வாய்ப்பின் கணக்கு, அளவின் கணக்கு அல்ல. எவ்வளவு விழும் என்பதைத் தனியாக 'அமௌண்ட் டூ டு ஃபோர் சென்டிமீட்டர்ஸ்' என்று சொல்வார்கள்.

ஒரு பொறி: டொராண்டோ டி.வி.யில் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பஃபலோ நகரத்துச் சேனல்களும் வரும். அவர்கள் ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள். அங்கே 32 என்றால் தண்ணீர் உறையும் நிலை. 'இன்று 32' என்று கேட்டு மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள்.

3. மேலே இருந்து விழுவது என்ன?

இந்தப் படிதான் முக்கியம். நமக்கு மார்கழிக் காலையில் புல்லின்மேல் இருப்பதும் பனி, ஊட்டியில் சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், ஒவ்வொன்றுக்கும் வேறு செருப்பு, வேறு வேகம். அதனால் பெயரைச் செய்ய வேண்டிய வேலையோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்.

'ஃப்ளரீஸ்': அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்து வரும் லேசான துகள். போட்டோ எடுக்கலாம், வேலைக்கும் போகலாம்.

'ஸ்நோ': தொடர்ந்து விழுவது. எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். 2 என்றால் துடைப்பம், 10 என்றால் 'ஷவல்', அதாவது பனி அள்ளும் அகலமான மண்வெட்டி. 15, 20 என்று பேசினால் முடிந்தால் வீட்டில் இருங்கள்.

'ஸ்நோ ஸ்க்வால்': ஏரிப் பக்கமிருந்து பட்டையாக வரும் பனிவீச்சு. நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் பளீரென்று வெயில் இருக்கும், அடுத்த கிலோமீட்டரில் முன்னால் போகும் லாரி தெரியாது. பாரி நகரம் நோக்கி 400-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இந்தச் சொல்லைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். காற்றில் பனி பறந்து எதிரே உள்ளது தெரியாமல் போவதை 'வைட்அவுட்' என்பார்கள்.

'ப்ளிஸர்ட்': பேச்சில் எந்தப் பெரிய பனிப்பொழிவையும் இப்படிச் சொல்வார்கள். அதிகாரபூர்வ அறிக்கையில் வந்தால் விஷயம் வேறு. 40 கி.மீ.க்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்கு மேல் கண் தெரியாத நிலை, குறைந்தது 4 மணி நேரம் நீடிப்பு, இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

'ஐஸ் பெலட்ஸ்': ஜவ்வரிசி அளவு உருண்டைகள். ஜன்னலில் பட்டால் சடசடவென்று சத்தம் கேட்கும். அமெரிக்க அறிக்கைகளில் இதையே 'ஸ்லீட்' என்பார்கள். 'ஹெய்ல்' வேறு, அது இடிமழையோடு வரும் நம்மூர் ஆலங்கட்டி.

'ஃப்ரீஸிங் ரெயின்': இந்தப் பட்டியலில் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே பார்த்தால் சாதாரண மழை. பனி இல்லை, பெரிய குளிரும் இல்லை, தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆனால் விழும் ஒவ்வொரு துளியும் பட்ட இடத்தில் உறையும். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு, கைப்பிடி, கார்க் கதவின் பிடி, மரக்கிளை எல்லாவற்றுக்கும் கண்ணாடி பூசியது போல ஒரு தோல் வந்துவிடும். பனியில் நடந்தால் கால் புதையும், இதில் கால் நிற்காது. கிளைகள் எடை தாங்காமல் முறிந்து மின்கம்பியில் விழும். 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் இப்படித்தான் டொராண்டோவில் லட்சக்கணக்கானவர்கள் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். 'ஃப்ரீஸிங் ரெயின்' என்று கேட்டால் செய்ய வேண்டியது: முந்தின இரவே வாசலில் உப்பு தூவுங்கள், செல்போனைச் சார்ஜ் செய்யுங்கள், டார்ச் எங்கே என்று பாருங்கள், காரை மரத்தடியிலிருந்து நகர்த்துங்கள். இதன் தம்பி 'ஃப்ரீஸிங் ட்ரிஸில்', அதாவது உறையும் தூறல். தூறல்தானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால்தான் அதில் நிறையப் பேர் விழுகிறார்கள்.

தரையில் கிடப்பவற்றுக்கும் பெயர் உண்டு. 'ப்ளாக் ஐஸ்' என்பது கறுப்பு ஐஸ் இல்லை. நிறமே இல்லாத மெல்லிய ஐஸ். அடியில் உள்ள தார்ச்சாலையின் கறுப்பு தெரிவதால் சாலை வெறுமனே ஈரமாக இருப்பதாகத் தோன்றும். பாலங்களின்மேல் முதலில் வரும். 'ஸ்லஷ்' என்பது உப்பும் சேறும் கலந்த பாதி உருகிய பனி. சாலை முனையில் நடைபாதை இறங்கும் இடத்தில் தேங்கும். மேலே பார்த்தால் திடமாகத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். 'ஃப்ராஸ்ட்' என்பது காலையில் கார்க் கண்ணாடியில் படியும் வெண்மை. அதைச் சுரண்டும் கருவிக்கு 'ஸ்க்ரேப்பர்'. 'ஃபாக்' என்றால் மூடுபனி.

4. எச்சரிக்கையின் படிநிலை

கனடா அரசின் சுற்றுச்சூழல் துறை, பேச்சில் 'என்விரான்மென்ட் கனடா', இந்த அறிவிப்புகளை வெளியிடுகிறது. 'ஸ்டேட்மென்ட்' என்றால் ஏதோ வரப்போகிறது, கவனியுங்கள். 'வாட்ச்' என்றால் வருவதற்கான சூழல் இருக்கிறது, உறுதியில்லை. 'அட்வைசரி' என்றால் சிரமம் தரும், பெரிய ஆபத்து இல்லை. 'வார்னிங்' என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்துவிட்டது.

புதிதாக வந்தவர்கள் சறுக்கும் இடம் 'வாட்ச்'. 'பார்' என்று கட்டளை இடுவதால் அதுதான் கடுமையானது என்று தோன்றும். உண்மையில் 'வார்னிங்' அதற்கு மேலே. 'டொர்னேடோ வாட்ச்' என்றால் வானத்தைக் கவனித்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். 'டொர்னேடோ வார்னிங்' என்றால் உடனே தரைக்குக் கீழே உள்ள 'பேஸ்மென்ட்' தளத்துக்கு, அது இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போங்கள்.

2025 நவம்பரிலிருந்து இதோடு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களும் சேர்ந்துள்ளன. மஞ்சள்தான் அடிக்கடி வரும். ஆரஞ்சு வந்தால் திட்டங்களை மாற்றுங்கள். சிவப்பு அபூர்வம், வந்தால் விவாதம் வேண்டாம். ஆங்கிலம் தடுமாறுகிற பெற்றோர் வீட்டில் இருந்தால் இந்த மூன்று நிறத்தையாவது சொல்லி வையுங்கள்.

செய்ய வேண்டியது: 'வெதர்கேன்' என்ற அரசுச் செயலியைச் செல்போனில் இறக்குங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது. உள்ளே போய் உங்கள் ஊரைச் சேர்த்து, 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்பதை இயக்கி வையுங்கள். உயிருக்கு ஆபத்தான சமயங்களில் எந்தச் செயலியும் இல்லாமலே செல்போன் பயங்கரமாக அலறும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து போனை அணைத்துவிடாமல் திரையில் முதல் வரியைப் படியுங்கள். என்ன ஆபத்து, எந்த ஊர், என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும்.

5. காலை 6 மணி ஆங்கிலம்

பெரும் பனி விழுந்த காலையில் கல்வி வாரியத்தின் இணையதளத்திலும் வானொலியிலும் ஒரு வாக்கியம் வரும்: 'ஆல் ஸ்கூல் பஸஸ் ஆர் கேன்சல்டு. ஸ்கூல்ஸ் ரிமெய்ன் ஓப்பன்.' பஸ் ரத்து, பள்ளி உண்டு. முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைத் திரும்பத் தூங்க அனுப்பும் வீடுகள் நிறைய. வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாலும் பள்ளியின் வருகைப்பதிவு எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பள்ளியே மூடினால்தான் 'ஸ்கூல்ஸ் ஆர் க்ளோஸ்டு'. பிள்ளைகள் மொழியில் 'ஸ்நோ டே'.

இலையுதிர் காலத்தில் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் 'இன்க்ளெமென்ட் வெதர்' என்ற வாய்க்குள் நுழையாத சொல் இருக்கும். மோசமான வானிலை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பஸ் ரத்தானால் எங்கே பார்க்க வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பொதுப் போக்குவரத்தில் 'டிலே' என்றால் தாமதம், 'டீடூர்' என்றால் வேறு வழியில் போகும், 'ஷார்ட் டர்ன்' என்றால் வண்டி கடைசி நிறுத்தம் வரை போகாமல் பாதியில் திரும்பிவிடும். ஓட்டுநர் ஒலிபெருக்கியில் 'ஷார்ட் டர்ன்' என்று முணுமுணுத்ததும் எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து இறங்குங்கள்.

வேலையிடத்துக்குச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். 'ஹாய், ஐ ஆம் ரன்னிங் லேட் பிகாஸ் ஆஃப் த ஸ்நோ. ஐ ஷுட் பி தேர் பை நைன் தர்ட்டி.' போகவே முடியாவிட்டால்: 'த ரோட்ஸ் ஆர் வெரி பேட். ஐ காண்ட் மேக் இட் இன் டுடே.' உங்கள் வேலை நேரம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நம் வழக்கப்படி முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. நேரத்தைச் சொன்னால் மேலாளருக்குப் போதும்.

6. கடையில், காரில், வாடகை வீட்டில்: காசு போகும் சொற்கள்

துணி. அடியில் போடுவது 'பேஸ் லேயர்' அல்லது 'தெர்மல்ஸ்', 20 முதல் 40 டாலர். நடுவில் 'ஃப்ளீஸ்'. வெளியே 'பார்க்கா', சுமாரானது 150 முதல் 300 டாலர். கம்பளித் தொப்பிக்கு 'டூக்' என்று பெயர், எழுத்துக்கூட்டிப் படித்தால் இந்த உச்சரிப்பு வராது. விரல்கள் தனித்தனியாக இருந்தால் 'க்ளவ்ஸ்', கட்டை விரல் மட்டும் தனியாக இருந்தால் 'மிட்ஸ்'. மிட்ஸ்தான் அதிகச் சூடு. பூட்ஸ் 80 முதல் 150 டாலர். பூட்ஸ் சீட்டில் மைனஸ் 30 போன்ற ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். அதோடு 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்க வேண்டும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் கொஞ்ச நேரம் தாங்கும், ஸ்லஷில் நனையும். விற்பவர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

விலைச் சீட்டில் வரி சேராது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 13 சதவீதம் கூடும். குழந்தைகள் துணிக்கும் காலணிக்கும் 5 சதவீதம் மட்டும், ரசீதில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்க நல்ல நேரம் அக்டோபர் கடைசி. டிசம்பர் 26 'பாக்ஸிங் டே' தள்ளுபடிக்குக் காத்திருந்தால் விலை குறையும், ஆனால் அதுவரை குளிர் காத்திருக்காது, உங்கள் அளவும் மிஞ்சாது. பழைய துணிக் கடைகள், 'த்ரிஃப்ட் ஸ்டோர்', பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தம். ஒரே குளிர்காலத்தில் கை நீளம் பத்தாமல் போய்விடும்.

கார். 'ஆல் சீஸன்' டயர் என்ற பெயரை நம்பாதீர்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் இறுகிவிடும். 'விண்டர் டயர்' என்றால் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. பக்கத்து மாகாணமான க்யூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். நான்கு டயரும் ரிம்மும் சேர்த்து 800 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் விண்டர் டயர் போட்டால் ஒன்டாரியோவில் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும், 2016 முதல் சட்டம். அவர்களாகக் கேட்டுத் தரமாட்டார்கள், ரசீதை வைத்துக்கொண்டு நீங்கள் போன் செய்ய வேண்டும். டயர் மாற்ற நவம்பர் நடுவில் இடம் கிடைக்காது, அக்டோபரிலேயே நேரம் வாங்கி வையுங்கள். அப்புறம் 'வாஷர் ஃப்ளூயிட்': குடுவையில் மைனஸ் 40 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கோடைக்கான நீர்மம் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும்.

வீடு. வாடகை விளம்பரத்தில் 'ஹீட் இன்க்ளூடட், ஹைட்ரோ எக்ஸ்ட்ரா' என்று இருக்கும். ஒன்டாரியோவில் 'ஹைட்ரோ' என்றால் தண்ணீர் அல்ல, மின்சாரம். வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரோரம் நீளமான தகரப்பெட்டி இருந்தால் அது 'பேஸ்போர்டு ஹீட்டர்', பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும். சூடேற்றும் செலவு யாருடையது என்று அப்போதே கேளுங்கள்: 'இஸ் த ஹீட் எலக்ட்ரிக்? ஹூ பேஸ் ஃபார் இட்?' சூடு வாடகையில் அடக்கம் என்று வாயால் சொன்னால் போதாது, 'லீஸ்' என்ற ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டது. ஜனவரி மின்கட்டணம் வந்தபோது வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக் காட்டினார்.

வீட்டுக்காரர் சூடு கொடுக்கும் வீடுகளில் ஒன்டாரியோ விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் தெர்மாமீட்டரைத் தேதியோடு படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள்: 'த ஹீட் இஸ் நாட் வர்க்கிங். இட் இஸ் ஒன்லி சிக்ஸ்டீன் டிகிரீஸ் இன்சைட். ப்ளீஸ் ஃபிக்ஸ் இட் டுடே.' பதில் இல்லையென்றால் டொராண்டோ நகராட்சியின் 311 எண். அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். 'டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

7. இலவச வகுப்பு: ஆவணமும் காத்திருப்பும்

இதற்கெல்லாம் பணம் கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர வேண்டாம். 'பி.ஆர்.' என்ற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் கனடா அரசின் 'லிங்க்' என்ற ஆங்கில வகுப்பு முழுக்க இலவசம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். சேரும் முன்பு 'லாங்வேஜ் அசெஸ்மென்ட்' என்ற மதிப்பீடு நடக்கும், அதுவும் இலவசம். பேச்சு, கேட்பு, வாசிப்பு, எழுத்து நான்கிலும் உங்கள் நிலையைச் 'சி.எல்.பி.' என்ற எண்ணில் சொல்வார்கள். தேர்ச்சி, தோல்வி கிடையாது. அதனால் முந்தின வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்து நிலையைக் கூட்டிக் காட்டாதீர்கள். பெரிய வகுப்பில் போய்ப் புரியாமல் உட்கார வேண்டிவரும்.

எடுத்துப்போக வேண்டியது: பி.ஆர். கார்டு, அது இன்னும் வரவில்லையென்றால் நிரந்தர வசிப்புரிமை உறுதிச் சான்று, கூடவே பாஸ்போர்ட். நகல் மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பலாம், மூலத்தையே எடுத்துப் போங்கள். எந்த மையம் அருகில் என்று தெரியாவிட்டால் சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 எண்ணுக்குப் பேசுங்கள். வகுப்பு பகல், மாலை, ஆன்லைன் எனப் பல வகை. சில மையங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் அந்த இடங்கள்தான் முதலில் நிரம்பும். வந்து இறங்கிய வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியல் நீளமாகவே இருக்கும்.

அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும், கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களும் லிங்கில் சேர முடியாது. அவர்கள் கல்வி வாரியங்கள் நடத்தும் பெரியவர்களுக்கான 'ஈ.எஸ்.எல்.' வகுப்பைக் கேளுங்கள். இன்னொரு லாபம்: லிங்கில் பேச்சிலும் கேட்பிலும் சி.எல்.பி. 4 முடித்த சான்றிதழைக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு மொழிச் சான்றாக வைக்கலாம். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் தனியாகக் காசு கட்டித் தேர்வு எழுத வேண்டியதில்லை. சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

டொராண்டோ பொது நூலகத்தின் சில கிளைகளில் 'கான்வர்சேஷன் சர்க்கிள்' நடக்கிறது. வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டியதுதான். நூலக அட்டை நகரவாசிகளுக்கு இலவசம். பெயரும் முகவரியும் காட்ட வேண்டும். பி.ஆர். கார்டில் முகவரி இருக்காது என்பதால் வாடகை ஒப்பந்தம் அல்லது ஏதாவது பில் சேர்த்து எடுத்துப் போங்கள்.

வீட்டிலிருந்தே காதைப் பழக்க ஒரு வழி உண்டு.  வானொலியில் உங்கள் ஊரின் அறிக்கையைத் தினமும் கேளுங்கள். எதிரே ஆள் இல்லை என்பதால் கூச்சம் இல்லை. அதே அறிக்கையை வெதர்கேனில் எழுத்தாகத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். தினமும் அதே ஐம்பது அறுபது சொற்கள்தான் சுற்றி வரும் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

8. லிஃப்ட்டில் பேசுவது

பக்கத்து வீட்டுக்காரர் மைனஸ் 20-இல் 'கோல்டு இனஃப் ஃபார் யூ?' என்று கேட்டால், அவர் உங்கள் கருத்தைக் கேட்கவில்லை. 'டெல் மீ அபௌட் இட்!' என்று சிரித்தால் போதும். 'பண்டில் அப்' என்றால் நன்றாகப் போர்த்திக்கொண்டு போ. 'ஸ்டே வார்ம்' என்பது குளிர்காலத்தில் விடைபெறும் சொல். 'இட்ஸ் ப்ரூட்டல் அவுட் தேர்' என்றால் வெளியே கொடுமை. 'நாட் டூ பேட் டுடே' என்றால் பரவாயில்லை, இதைச் சொல்ல மைனஸ் 5 போதும்.

கோடைக்கு 'மக்கி' என்றால் புழுக்கம். 'ஹீட் வார்னிங்' அன்று குளிர்சாதனம் உள்ள நூலகத்துக்குப் போய் உட்காரலாம். காட்டுத்தீப் புகை வந்தால் 'ஏர் குவாலிட்டி' எண்ணைப் பாருங்கள், 2023 ஜூனில் அந்தப் புகை டொராண்டோ வானத்தையே மங்கலாக்கியது. 1 முதல் 3 நல்லது, 7-ம் அதற்கு மேலும் என்றால் ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே கடும் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் திடீரென்று அடுக்குத் தும்மல் வந்தால் 'ராக்வீட்' என்ற செடியின் மகரந்தமாக இருக்கலாம். மருந்துக்கடையில் 'ஐ ஹேவ் அலர்ஜீஸ்' என்று சொல்லுங்கள். 'கோல்டு' என்று சொன்னால் வேறு மாத்திரை கொடுத்துவிடுவார்கள்.